ஒரே மிதியில் நிற்கணும்

சரோஜினி அக்கா செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலைப் பெடல் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கார் இன்னும் கிளம்பவில்லை. "செருப்பு போட்டுகினா பெடல் இன்னா சொல்லுதுன்னு காலுக்குத் தெரியாது சார்" என்பது அவர் கட்சி. ஓட்டக் கற்றுக்கொள்ள வருவது ஆணோ பெண்ணோ, எல்லோரும் அவருக்கு "சார்"தான்.

நாற்பதைத் தாண்டிய ஒல்லி உருவம், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண்மணி என்பதால் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் இன்னும் சிலர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். "பாக்கட்டும். ரோட்டை வுட்டு ஓரமா நின்னு பாத்தா சரி" என்கிறார். ஹார்னைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். "ஆரன் அடிச்சா வண்டி நிக்காது சார். மிதிச்சாதான் நிக்கும்." கிளம்பியதிலிருந்து வண்டியை விட்டு இறங்கும்வரை திட்டிக்கொண்டே வருவார். திட்டு நின்று குரல் தணிந்தால்தான் நாம் பயப்பட வேண்டும்.

ஜெயவேலுவின் டிரைவிங் ஸ்கூலில் இருப்பது ஒரே கார், அதுவும் கிழட்டுக் கார். அக்கா உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. நம் பெடலோடு அதைக் கம்பி போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். ஒன்றை மிதித்தால் இரண்டும் இறங்கும்.

போன மாதம் ஒருநாள் அந்தக் காரை நான் ஓட்டிப் பழகிக்கொண்டு போய், பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தேன். முன்னால் ஒரு பால்காரரின் சைக்கிள். அக்காவின் குரல் திடீரென்று தணிந்தது. "சார், காலை எடுக்காதீங்க. அப்படியே அமுக்குங்க." நான் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். பெடல் என் காலடியில் மெல்ல மெல்லக் கீழே போனது, கார் சைக்கிளை நோக்கி ஊர்ந்தது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பால் கேனை உரசிக்கொண்டு பம்பர் நின்றது. பால்காரர் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. அக்காவின் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

நேராக ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் வில்பிரட்டின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். "காத்து பூந்துகீது அக்கா" என்று வில்பிரட் பிரேக் குழாய்களில் காற்றை எடுத்தார், சக்கரங்களில் பிரேக்கை முடுக்கினார், பிறகு சீட்டில் ஏறிப் பெடலைப் படபடவென்று அடித்தார். "பாரு, கல்லு மாதிரி கீது."

"அடிக்காத வில்பிரட். ஒரே மிதி. மிதிச்சிட்டு அப்படியே புடி."

பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முழங்கால் தானாக நீள ஆரம்பித்தது.

"லேசா எறங்குது. அதுக்கின்னா? ரெண்டு தபா அடிச்சா நின்னுட்டுப் போவுது. ஊர்ல பாதி டிரைவர் அப்படித்தான் ஓட்டறான்."

"டிரைவருக்குத் தெரியும், அடிப்பான். என் வண்டில ஒக்கார்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பயந்துகினு ஒரே ஒரு தபா மிதிப்பாங்க. அந்த ஒரு மிதியில நிக்கணும்."

அதற்குள் ஜெயவேலு வந்துவிட்டார். மறுநாள் காலையில் எங்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். "பேஜார் பண்ணாதம்மா. நாளைக்கு வண்டி போவலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். இந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது, அது அவருக்கும் தெரியும். அக்கா சாவியை நீட்டினார். "இந்தாங்கண்ணா. சாரை ஓட்டச் சொல்லி, கேட்டு வரைக்கும் என் சீட்ல ஒக்காந்து போய்ட்டு வாங்க." சார் என்றது என்னை. ஜெயவேலு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஓட்டும் லட்சணம் அவருக்குத் தெரியாததல்ல. சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு குந்தினார். ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் கையை விட்டுத் தடவினார். நான்கும் காய்ந்திருந்தன. பிரேக் ஆயில் டப்பாவிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. "வெளிய ஒழுகல. அப்போ உள்ளுக்குள்ளயே திரும்பி ஓடுது. மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டு."

"போன மாசம்தானே ரப்பர் மாத்தினேன்!"

"கழட்டுப்பா."

பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் அந்தச் சிலிண்டரை முனகிக்கொண்டே கழற்றினார். உள்ளேயிருந்த ரப்பர் புத்தம் புதிதாகப் பளபளத்தது. வில்பிரட்டுக்கு ஒரே குஷி. அக்கா ரப்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது ஓடுகிற குழாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். பிறகு வில்பிரட்டிடம் கொடுத்தார். அவரும் விரலை விட்டார். துருப்பிடித்து நீளமாக ஒரு கீறல். எத்தனை புது ரப்பர் போட்டாலும், அழுத்திப் பிடித்தால் அந்த வழியாக ஆயில் நழுவிவிடும், பெடலும் கூடவே இறங்கும்.

"அடச்சே, இத்தப் பாக்காம ரப்பரை ரப்பரை மாத்திகினு கெடந்தேனே" என்று தலையில் தட்டிக்கொண்டு, வில்பிரட் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மின்சார ரயிலைப் பிடித்தார், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புது சிலிண்டர் வாங்க. அவர் திரும்பும்வரை அக்கா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார், சாப்பிடக்கூடப் போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. அக்கா வெறுங்காலால் மிதித்துப் பிடித்தார். பெடல் இறங்கவில்லை. வில்பிரட்டையும் பிடிக்கச் சொன்னார், ஜெயவேலுவையும் பிடிக்கச் சொன்னார், என்னையும் விடவில்லை.

டெஸ்ட் நாள் காலை. டெஸ்டின்போது அக்காவின் சீட்டில் இன்ஸ்பெக்டர்தான் உட்காருவார். நான் தப்பு செய்தால் இன்னொரு பெடலை மிதிக்க அந்த வெறுங்கால் இருக்காது. கேட்டில் பார்த்த சைக்கிளே கண்ணுக்குள் நின்றது. "இன்னிக்கு வேணாம்க்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சானடோரியம் பக்கம், பச்சைமலை அடிவாரத்துச் சரிவுக்கு ஓட்டச் சொன்னார். பாதிச் சரிவில் கீழ்நோக்கி நிறுத்த வைத்தார்.

"மிதிங்க சார். இன்ஜினை அணைங்க. கியரை எடுங்க. ஹேண்ட் பிரேக்கையும் வுட்டுடுங்க."

செய்தேன். இப்போது அவ்வளவு பெரிய காரைப் பிடித்து நிறுத்தியிருந்தது என் வலது கால் ஒன்றுதான். அக்கா கதவைத் திறந்து இறங்கினார். "எங்கக்கா போறீங்க?" என்று கத்தினேன். அவர் காரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். கூடையோடு மேடேறி வந்த வெள்ளரிக்காய்க்காரியை நிறுத்தி, கூடையை பம்பருக்கு எதிரிலேயே இறக்க வைத்தார். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு காயாக எடுத்து நகத்தால் கீறிப் பிஞ்சு பார்க்க ஆரம்பித்தார்.