எட்டு விநாடிப் பேச்சு

காலையில் பார்க்கில் நடக்க வரும் கிழவர்களுக்குள் இப்போது அடிக்கடி ஒரு வாக்குவாதம் நடக்கிறது. வீட்டில் வைத்திருக்கும் பேசும் பெட்டிகள் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கின்றனவா, இல்லையா என்று. முழங்கால் வலியைப் பற்றி மனைவியிடம் சொன்னேன், மறுநாளே போனில் தைல விளம்பரம் வந்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார். இன்னொருவர் சிரிப்பார். நான் வாயைத் திறப்பதில்லை. பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே சொல்லிவிடுகிறேன்.

பவானிபூரில் மூன்றாம் மாடி வீடு. என் அப்பா காலத்திலிருந்தே நாங்கள் கல்கத்தாவாசிகள். இங்கே வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிராமில், டாக்ஸியில், புடவைக் கடையில், எதிரே இருப்பவரைப் பற்றியே தமிழில் உரக்கப் பேசுவோம். யாருக்கும் புரியாது என்ற தைரியம். ரகசியம் பேச நாங்கள் கதவைச் சாத்தியதில்லை, தமிழுக்கு மாறிக்கொள்வோம். வேலைக்கு வருபவர்கள் எதிரிலும் அப்படித்தான்.

என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைத்தோம். தெற்கே ஒரு கிராமத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருவாள். மனைவியை மாஷிமா என்பாள், என்னை மேஷோமஷாய் என்பாள். சித்தி, சித்தப்பா என்கிற மாதிரி. எலும்பு கூடிய பிறகும் மனைவி அவளை விடவில்லை. இருவரும் வங்காளத்தில் ஓயாமல் பேசிச் சிரிப்பார்கள். என்னோடு மனைவி அப்படிச் சிரித்து எனக்கு நினைவில்லை. அந்தச் சமயத்தில்தான் மகன் பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பெட்டியை அனுப்பினான். கேட்டால் பாட்டுப் போடும், மாத்திரை வேளையைச் சொல்லும். படுக்கையறை அலமாரி மேல் வைத்தோம்.

அடுத்த வருஷம் மனைவிக்கு வயிற்றில் வலி வந்தது. பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய், பரவிவிட்டது, மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நான் அவளிடம் குடல்புண் என்று சொன்னேன். மாத்திரை வந்த டப்பாவையும் உள்ளே மடித்திருந்த தாளையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரை அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவால் தாங்க முடியாது, சொல்லாதே என்று மகனிடம் போனில் சொன்னேன். கூடத்தில் நின்று, தமிழில், உரக்க. மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஆயா இரண்டடி தள்ளி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் பார்க்கில் தைல விளம்பரக் கதை வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகனைக் கேட்டேன்.

"ஏண்டா, இந்தப் பெட்டி நாம பேசறதையெல்லாம் கேக்கறதாமே?"

"யாரு சொன்னா, உங்க பார்க் பார்லிமெண்டா?" என்று சிரித்தான். "பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான்பா அது முழிச்சுக்கும். எப்பவாவது தப்பா முழிச்சுண்டு ஏழெட்டு விநாடி பதிஞ்சு வச்சுடும். எல்லாம் ஒரு லிஸ்ட்ல இருக்கும். உங்க போன்ல போட்டுத் தரேன். வேண்டாம்னா அழிச்சுடுங்கோ."

நான் அழிக்கவில்லை. கேட்டேன். வேலையில் இருந்த காலத்தில் சக ஊழியர்கள்மேல் வரும் புகார்களை விசாரிப்பதே என் உத்தியோகம். பழக்கம் விடவில்லை. தினமும் மத்தியானம் குளியலறைக் கதவைத் தாளிட்டுக்கொண்டு அன்றைக்கு வந்ததை மட்டும் போட்டுக் கேட்பேன். இருமல், குக்கர் விசில், ஆயாவின் முணுமுணுப்பு. என் பெயர் அடிபடுகிறதா என்று காத்திருப்பேன். அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. அதை மறைக்க இனி காரணம் இல்லை.

ஒரு நாள் எட்டு விநாடி வந்தது. ஆயாவின் குரல், வங்காளத்தில்: "கேன்சர் வந்தவங்க எல்லாரும் உடனே செத்தா போயிடறாங்க, மாஷிமா? அழாதீங்க. மேஷோமஷாய்க்குத் தெரிய வேண்டாம்." அத்தோடு நின்றுவிட்டது.

நான் போனில் சொன்னது ஆயாவுக்குப் புரிந்திருக்கிறது, போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை. மறுநாள் மனைவி கண்ணயர்ந்திருந்தபோது ஆயாவைப் படுக்கையறை வாசலிலேயே நிறுத்தினேன்.

"உனக்குத் தமிழ் எப்பலேர்ந்து தெரியும்?"

"கொஞ்சம் தெரியும், மேஷோமஷாய். மாஷிமாதான் சொல்லிக் குடுத்தாங்க."

"அவகிட்ட நேத்திக்கு என்ன சொன்னே?"

அவள் அலமாரி மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அதுவா சொல்லிச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மாஷிமாவைக் கேளுங்க."

"அவளைக் கேக்க முடிஞ்சா உன்னை எதுக்குக் கேக்கறேன்?"

"அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்று குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மனைவியிடம், ஆயாவின் பெண்ணுக்குக் காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். மனைவியின் போனில் அவளுடைய நம்பரைத் தடுத்தும் வைத்தேன். மாற்றாக வந்த பெண்கள் யாரையும் மனைவி தன்னைத் தொட்டுக் குளிப்பாட்ட விடவில்லை. நானே செய்தேன், மோசமாக. தண்ணீர் சூடாக இருந்தாலும் சொல்ல மாட்டாள்.

"அவ பொண்ணுக்கு இன்னுமா ஜுரம் விடலை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"டெங்குவாம்."

"ஒரு தடவை போன் போட்டுக் குடுங்கோளேன்."

"எடுக்க மாட்டேங்கறா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பெட்டியோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நான் தினமும் லிஸ்டைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டு மாதத்தில் படுத்த படுக்கையானாள். மகன் வந்தான். அம்மா என்னென்ன பாட்டுக் கேட்பாள், அதையே போடலாம் என்று என் போனை வாங்கி லிஸ்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். சட்டென்று நின்றான். "அப்பா, இதைக் கேட்டேளா?"

மனைவியின் குரல். மாத்திரையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் படித்து, இது எதற்கான மருந்து என்று கேட்கிறாள். பெட்டி என்ன பதில் சொன்னது என்பதும் கீழே எழுதியிருந்தது. அடுத்தது மறுபடி அவள்தான்: "இன்னொரு தடவை சொல்லு." நான் கேட்ட எட்டு விநாடிக்கு மூன்று நாள் முந்தியது, அன்றைக்கு மத்தியானம் நான் கேட்டு முடித்த பிறகு பதிந்தது. அதே லிஸ்டில், கொஞ்சம் கீழே. ஒரு விரலால் தள்ளியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அட்டையில பேர் இருக்கே. படிக்கத் தெரியாதா எனக்கு?" குரல் மெலிந்திருந்தது. "யார்கிட்டயாவது சொல்லி அழணும் போல இருந்தது. அவகிட்ட அழுதேன். நீங்க அத்தனை பாடுபட்டு மறைக்கறேளே, அப்படியே இருக்கட்டும், சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிண்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஜுரம்னு சொன்னேளே. அவளை நீங்கதானே அனுப்பினேள்?"

"ஆமாம்" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆயாவுக்கு உடனே போன் செய்தேன். முதல் அழைப்பிலேயே எடுத்தாள். ஜாதவ்பூரில் வேறொரு வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதாகவும், அங்கே மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டு நாளைக்கு வருவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து மனைவிக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆயா வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் மனைவியின் காதருகே குனிந்தாள்.

"வலிக்கறதாம்மா?" என்றாள். தமிழ், என் மனைவி சொல்கிற மாதிரியே இருந்தது.

ஆயா நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். எட்டிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். "கொஞ்சம் வெளியே இருங்க, மேஷோமஷாய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவள் ரொம்ப நேரம் பேசினாள். கதவருகே நின்றிருந்தால் கேட்டிருக்கும். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

கதவு திறந்தபோது விளக்குப் போடும் வேளை ஆகியிருந்தது. மனைவியின் தலையை வாரிப் பின்னிவிட்டிருந்தாள். மூச்சு இருந்தது. அடுத்த நாள் காலையில் நின்றது.