ஒன்றாம் தேதி தவறாத குடித்தனக்காரர்

துபாய் ஜெபல் அலியில் பழைய கம்பெனியை விட்டபோது கிடைத்த கிராஜுவிட்டியை முன்பணமாகப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, சென்னைக்கு வெளியே ஒரு ஃபிளாட் வாங்கினேன். ஓய்வுக்காலத்துக்கென்று தனிக் கணக்கு. வாடகை அதில் விழும், தவணை அதிலிருந்து போகும். வெளிக்காசு ஒரு பைசா உள்ளே வரக்கூடாது என்பது நானே போட்ட சட்டம். ஒரு வருஷம் வாடகை ஒழுங்காக வந்தால் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வாடகை வந்தது. மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி, தவணைத் தொகைக்கு ரூபாய் பிசகாமல். அங்கேதான் எனக்கு உதைத்தது.

“எந்த ஊர்ல மாப்ள ஒண்ணாந்தேதி வாடகை குடுக்கறான்?” என்று இப்போது தங்கியிருக்கும் அஜ்மான் ரூமில் மேல்கட்டில்காரனிடம் கேட்டேன்.

“நீ என்னிக்குக் குடுக்கற?”

“பத்துக்கு மேல.”

“அப்ப அவன் ஃபிராடுதான். இந்நேரம் உன் ஃபிளாட்ட வித்துருப்பான்.”

அன்று முதல் தூக்கம் காலி. ஃபிளாட்டுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு மனைவியுடையது. குடியிருப்பவருக்கு என்ன வேலை என்று அவளிடம் போனில் கேட்டேன். “பேங்க்குல,” என்றாள். அடுத்த மாதம் கேட்டால், “வாத்தியாருங்க.”

“பேங்க்குன்னியே?”

“சாயங்காலம் டியூஷன் எடுப்பாரு.”

சொல்லாமல் லீவில் கிளம்பினேன். ஏர்போர்ட்டிலிருந்து நேரே ஃபிளாட். கையும் களவுமாகப் பிடிக்கப் பெட்டியோடு மூன்று மாடி ஏறினேன். கதவில் பூட்டு. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவந்த ஸ்டிக்கரைக் கூட யாரும் கிழிக்கவில்லை.

“இங்க யாரும் குடி வரலியே சார்,” என்றார் எதிர்வீட்டு அம்மா. “குள்ளமா ஒருத்தங்க மட்டும் மாசாமாசம் வந்து பெருக்கிட்டுப் போவாங்க.”

அந்தக் குள்ளமான ஒருத்தியை எனக்குத் தெரியும். தாலி கட்டியிருக்கிறேன்.

“ஆளே கிடைக்கலீங்க,” என்றாள் மனைவி, வீட்டுக்குப் போய்க் கேட்டதும். “அந்தப் பக்கம் தண்ணி வரல.” வீட்டுச் செலவுக்கு நான் அனுப்பியதில் மிச்சம் பிடித்து அவளே கணக்கில் கட்டியிருக்கிறாள். என் வீட்டுக்கு நான்தான் வாடகை கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒன்றாம் தேதி!

“ஏன்டி இந்தப் பொய்?”

“வாடகை வரலைன்னா கம்பெனியில இன்னொரு அக்ரிமென்ட் போட்டுருவீங்க. மொதல்ல வாங்க, மத்தத வந்தப்புறம் பாத்துக்கலாம்னு...”

கத்துவதற்கு வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். கம்பெனியின் புது அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். அதன் நகல் பெட்டியின் அடியில் இருந்தது.

“பெட்டியக் குடுங்க, துணி எடுத்து வைக்கறேன்.”

“வேணாம், நானே எடுத்துக்கறேன்.”

“ஏன்?” என்றாள், ஒன்றாம் தேதி வாடகையை நான் பார்த்த அதே பார்வையோடு.