பாதி கிட்டாரும் தளர்ந்த நரம்புகளும்

உளி கையிலிருந்து இரண்டாவது முறை நழுவியபோதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் கார் இல்லை. அந்த இடத்தில் மேசை போட்டு ஒன்றரை வருடமாக ஒரு கிட்டார் செய்துகொண்டிருந்தேன். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பேன். வாசிப்பதை என் கையாலேயே செய்துபார்க்கும் ஆசை நாற்பது வயதுக்குமேல் வந்தது.

பக்கப் பலகைகளை நனைத்து, சூடான குழாயில் வளைத்து, அச்சில் பூட்டி வைத்திருந்தேன். முகப்புப் பலகையின் உள்பக்கம் ஒட்டிய தாங்கு பட்டைகளைச் செதுக்குவது பாக்கி. பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. பட்டை தடித்திருந்தால் ஒலி எழும்பாது. அதிகம் செதுக்கினால் கம்பிகளின் இழுப்பில் பலகை வளைந்துவிடும். விரல் நுனியால் தடவித் தடவிச் செய்கிற வேலை. அன்று என் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

மறுநாள் காலை குளியலறைப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் டேவிட் ஓடிவந்தார். அவர் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார்.

“இன்னா ஸ்டெல்லா, இன்னா ஆச்சி?”

“கால் என்னோடது மாதிரியே இல்லைங்க.”

மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) எடுத்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்துபோயிருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மருத்துவர் கேட்டுத்தான் ஞாபகம் வந்தது.

“கில்லன் பாரே சிண்ட்ரோம்” என்றார் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடல், தன் நரம்புகளையே தாக்கும் நோய்). “நிறைய பேருக்கு நல்லாயிடும்மா. ஆனா அதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் மோசமாகும். பயப்படாம அதுக்குத் தயாரா இருங்க.”

அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இடுப்பு, கை, கழுத்து என்று பலவீனம் மேலே ஏறியபோது, அது எனக்கு முன்பே தெரிந்த வழியாகத்தான் வந்தது.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொல்வார். மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்க்க அதுதான் வழி. முதல் நாள் இருபத்தெட்டு வரை சொன்னேன். மூன்றாம் நாள் பன்னிரண்டு. அன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, செயற்கை சுவாசக் கருவியைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

டேவிட் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரல் காட்டினார். எத்தனை என்று கேட்கிறார். சொல்லத் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. ஜெபம் செய்ய நினைத்தேன். பாதியிலேயே வார்த்தை மறந்துபோனது.

மறுநாளும் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் பதினான்கு. நர்ஸ் சிரித்தார். அந்தக் கருவி கடைசிவரை எனக்குத் தேவைப்படவில்லை.

ஏழு வாரம் கழித்து வீடு திரும்பினேன், சக்கர நாற்காலியில். நரம்பு திரும்பி வளரும் வேகம் யாருடைய அவசரத்துக்காகவும் அதிகமாகாது. முதலில் தொடை, பிறகு தோள். விரல்கள் கடைசியில். மூன்றாம் மாதம் வாக்கர் பிடித்து நடந்தேன். பிசியோதெரபிஸ்ட் அனிதா துணி மாட்டும் கிளிப்புகளைக் கொடுத்து அழுத்திப் பழகச் சொன்னாள். ஒரு கிளிப்பைத் திறக்க நான்கு நாளானது.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம், டேவிட் வேலைக்குப் போயிருந்தபோது ஷெட்டுக்குப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. உளியை எடுத்துப் பட்டையின் மேல் வைத்துத் தள்ளினேன். மணிக்கட்டு துவண்டது. உளி பட்டையைத் தாண்டிப் பலகைக்குள் இறங்கியது. சுண்டு விரல் நீளத்துக்கு விரிசல்.

நோய் முழுக்க அழாதவள் அன்று அழுதேன்.

“இதைத் தூக்கிப் போட்டுருங்க” என்றேன், டேவிட் வந்ததும்.

அவர் பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இன்னாத்துக்குத் தூக்கிப் போடணும்? விரிசல்தானே வுட்டுகீது. ஒட்டுப் போட்டா நிக்காதா?”

“நிக்கும். ஆனா என் கை நிக்காது.”

“கை இப்போதான் வந்துகினு கீது. நீ ஏன் அதை விரட்டுற?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

அடுத்த நாள் அனிதாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. “மெல்லிசான பிடியை உங்க விரலால இறுக்க முடியாதுக்கா. பிடியைத் தடியாக்குங்க. உளி வேணாம், முதல்ல உப்புத்தாள்” என்றாள். டேவிட் லேத்தில் கடைந்து, முழு உள்ளங்கையால் பிடிக்கும்படி உருண்டையான மரப்பிடிகள் செய்துவந்தார். விரிசலின் உள்பக்கம் சிறு மரத்துண்டுகளை ஒட்டினோம்; அவர் பிடித்துக்கொள்ள, நான் பசை தடவினேன். பட்டைகளைத் தினமும் இருபது நிமிடம் தேய்த்தேன், அதற்குமேல் இல்லை. அனிதா அதையே பயிற்சியாக எழுதிக்கொண்டாள்.

இந்த நோயோடு படுத்திருப்பவர்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலில் தொடங்கிய பலவீனம் மேலே ஏறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்களில் நம் அவசரம்தான் நம்மை அதிகம் காயப்படுத்தும். நான் அதை ஒரு பலகையைப் பிளந்துதான் புரிந்துகொண்டேன்.

கிட்டார் முடிய இன்னும் எட்டு மாதம் பிடித்தது. அதன் கழுத்து சற்றுத் தடியாக இருக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் வெளியில் மெல்லிய கோடாகத் தெரிகிறது. என் இடது பாதத்தில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. அவை இப்படியே இருந்துவிடலாம் என்கிறார் மருத்துவர். சில கார்டுகளை (பல கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்தும் பிடிகள்) இன்னும் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டு வாசிக்கிறேன்.

ஒன்றரை வருடமாக, கண் விழித்த நொடியிலிருந்து என் உடம்பை நான் காவல் காத்தேன். விரல் மடங்குகிறதா, கால் உணர்கிறதா, நேற்றைவிட இன்று எவ்வளவு? நேரம் என்பதே அந்தக் கணக்காகிவிட்டிருந்தது.

போன வாரம் ஒரு மாலை, முன்னறையில் அந்தக் கிட்டாரோடு உட்கார்ந்து ஒரு கீர்த்தனையை வாசிக்கத் தொடங்கினேன். பிறகு இன்னொன்று.

“டீ வச்சி அரை மணி நேரம் ஆவுது. ஆறிப்போச்சு பாரு” என்றார் டேவிட்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வந்ததோ, தம்ளர் வைத்ததோ எனக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரமும் எனக்கு விரல்கள் இருப்பதையே நான் மறந்திருந்தேன்.