பேர் அதுதான்

தண்ணீர்ச் சட்டிக்குள் டியூபை அமுக்கிப் பிடித்து, குமிழி எங்கே கிளம்புகிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, "ஜட்ஜ் அழகரெத்தினத்தத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பார். கேட்கப்படுபவர் காற்றுப் போன சைக்கிளோடு வெயிலில் நிற்கிறவர். தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் பயனில்லை. குமிழி கிளம்பிய இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "நானும் அழகரெத்தினம்தான்" என்பார். டியூப் காயும் வரைக்கும் மற்ற அழகரெத்தினங்களைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும்.

கல்லடிப் பாலத்தின் கிழக்குத் தலைப்பில் வாவியைப் பார்த்தபடி இருந்த தகரக் கொட்டில்தான் அவருடைய கடை. முகப்புப் பலகையில் 'அழகரெத்தினம்' என்று மட்டும் எழுதியிருந்தது. சைக்கிள் திருத்துமிடம் என்றும் போடலாமே என்று பெயின்ற் அடித்தவன் கேட்டதற்கு, "பேர் போதும்" என்றிருக்கிறார். அதனால் பலகையை நம்பி நிலப் பத்திரம் எழுத வந்தவர்களும் உண்டு, சாதகம் பார்க்க வந்தவர்களும் உண்டு. அவர் யாரையும் உடனே திருப்பி அனுப்பியதில்லை. முதலில் இருக்கச் சொல்லுவார்.

உள்ளே, தொங்கும் டயர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை போட்ட பத்திரிகைத் துண்டுகள். கொழும்பில் எலும்பு வைத்திய நிபுணராக இருந்த டொக்டர் அழகரெத்தினம், நீதிபதி அழகரெத்தினம், ஒரு காலத்தில் பந்தை வலைக்குள் விடாத கோல் கீப்பர் அழகரெத்தினம், புல்லாங்குழல் வித்துவான் அழகரெத்தினம். படமில்லாத ஐந்தாவது ஆள் ஒருவரும் இருந்தார். வன்னியிலிருந்து வந்த இயக்க வானொலியில் செய்தி வாசித்த அழகரெத்தினம். அது சமாதானம் பேசிய காலம். அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லலாம். அவரும் சொன்னார். "எங்கட அழகரெத்தினத்திர குரலக் கேட்டியளா? சிங்கக் குரல்!" என்று, பாலத்தால் போகிற பஸ்ஸுக்கும் கேட்கும்படி.

"நாங்க ஆறு பேர்" என்பது அவருடைய வாய்ப்பாடு. ஏறாவூரிலிருந்து சாரன் கட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் மஜீட் ஒருமுறை கேட்டார்: "அழகண்ணே, ஆறு பேரில அஞ்சு பேருக்கு ஆறாம் ஆளத் தெரியுமா?"

"தெரியாட்டி என்ன? பேர் ஒண்டுதானே."

"அப்ப என்ட பேர்ல கொழும்பில பெரிய மாடிக் கடையே இரிக்கி. நான் ஏன் இந்த வெயிலுக்க மிதிக்கன்?"

மஜீட்டின் பின்சக்கரத்துக்கு அன்றைக்குக் காற்று கொஞ்சம் குறைவாகவே கிடைத்தது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மார்கழி இருபத்தாறு, ஞாயிறு காலை. கடலிலிருந்து வந்த தண்ணீர் கல்லடியை மிதித்துக்கொண்டு வாவிக்குள் இறங்கியபோது, அழகரெத்தினம் கட்டிய சாரனோடும் மனைவி கண்ணகையின் கையோடும் பாலத்தில் ஓடினார். கடை போயிற்று. டயர்கள், டியூப்கள், உறை போட்ட துண்டுகள் எல்லாம் வாவியில் மிதந்தன. பாலத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் சனங்களைச் சேர்த்தார்கள். வாசலில் ஒரு தொண்டர் கொப்பியோடு நின்று பேர் பதிந்தார்.

"பேர்?"

"அழகரெத்தினம்."

தொண்டர் நிமிர்ந்தார். "டொக்டர் அழகரெத்தினமா? கொழும்பில இரிந்து லீவுல வந்திரிக்கார் எண்டு சொன்னாங்களே!"

இந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் போதும். அழகரெத்தினம் அதைத் தேடாமல் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வருடங்களில் அவரை யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேர் அதுதான்" என்றார். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. அவரே பிறகு பல தடவை தனக்குச் சொல்லிக்கொண்டதும் இதைத்தான்.

அதிபரின் அறையைத் திறந்துவிட்டார்கள். கதிரை, மேசை, குடிக்கத் தண்ணீர். கதவில் யாரோ சோக்கால் 'டொக்டர்' என்று எழுதினார்கள். கண்ணகை அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இஞ்ச, இதென்ன கூத்து? போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"நானா எழுதினன்? அவங்களா எழுதினா நான் என்ன செய்ய?"

"அழிச்சிட்டு வாங்க."

"சொல்றன். கொஞ்சம் ஆறட்டும்."

ஆறவில்லை. வரிசை நீண்டது. காய்ச்சல்காரர்களைக் கழுத்தில் தொட்டுப் பார்த்தார். காயங்களை உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டச் சொன்னார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் அந்த ஒரு சொல் இன்னும் கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கியது. மத்தியானம் தாண்டியபோது அவருக்கே அது கைவந்துவிட்டது. நாடி பிடிக்கையில் கண்ணை மூடினார்.

பின்னேரம் நாவலடியிலிருந்து அன்னப்பூரணி தன் புருசனைக் கதவுப் பலகையொன்றில் கிடத்திக் கொண்டுவந்தாள். தவராசாவின் வலது கெண்டைக்காலைத் தகரம் எலும்பு தெரியக் கிழித்திருந்தது. கால் தூண் போல் வீங்கியிருந்தது.

"டொக்டர் ஐயா, இவரப் பாருங்க. உங்கட கையில இரிக்கு."

அழகரெத்தினம் பார்த்தார். தன் சாரன் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார்; வளைந்த றிம்முக்குத் துணி சுற்றுகிற அதே கட்டு. "வீக்கம் வத்தட்டும். நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அரை மணித்தியாலத்துக்குள் காயக்காரரை ஆசுபத்திரிக்கு ஏற்ற உழவு இயந்திரம் ஒன்று வந்தது. தொண்டர்கள் ஓடி ஓடிக் கேட்டார்கள். "என்ட மனிசன டொக்டர் பாத்திட்டார்" என்று அன்னப்பூரணி நிம்மதியோடு சொன்னாள். தவராசாவின் இடத்தில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரம் போனது. யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அழகரெத்தினம் இரண்டு தடவை வாயைத் திறந்தார். மூன்றாம் தடவை தண்ணீர் குடித்தார்.

மூன்றாம் நாள் கால் கறுத்து நாறியது; தவராசாவை ஆசுபத்திரிக்கு ஏற்றினார்கள். அன்றுதான் ஆசுபத்திரிக்கு உண்மையான டொக்டர் அழகரெத்தினமும் வந்து சேர்ந்தார். ஓர் அழகரெத்தினம் கட்டுப்போட்டு வைத்திருந்த காலை இன்னோர் அழகரெத்தினம் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார். மயக்கம் தெளிந்த தவராசா, வெட்டினவர் பேரைக் கேட்டுவிட்டு, "அவர் நாளைக்குப் பாப்பம் எண்டுதானே சொன்னவர்" என்றாராம்.

செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அதிபரின் அறை காலியாக இருந்தது. கண்ணகையின் தம்பி வீட்டுக்குத் தன்னாமுனைக்குப் போய்விட்டார்கள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அதே இடத்தில், யாரோ தந்த நிவாரணத் தகரத்தில் கடை எழும்பியது. புதிய பலகையில் 'அழகரெத்தினம்' சிறிதாகவும் 'சைக்கிள் திருத்துமிடம்' பெரிதாகவும் இருந்தன. வாய்ப்பாடும் மாறியிருந்தது: "நாங்க அஞ்சு பேர்." டொக்டரைக் கழித்துவிட்டார்.

கழித்தால் போய்விடுகிற கணக்கா? இடியப்பம் விற்கத் தொடங்கியிருந்த அன்னப்பூரணி கிழமைக்கொரு முறை சைக்கிளைக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்துவாள். சைக்கிளில் பிழை இருக்கும், சிலவேளை இருக்காது. ஆட்கள் கூடி நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். "டொக்டர், இதையும் ஒருக்காப் பாருங்க. காலில்லாட்டிலும் பரவாயில்ல, உருண்டாப் போதும்" என்பாள். அழகரெத்தினம் நிமிராமல் செயினுக்கு எண்ணெய் விடுவார். அவளுடைய செயின் அளவுக்கு எண்ணெய் குடித்த செயின் அந்த மாவட்டத்திலேயே இருக்காது.

யுத்தம் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆனி மாதம், ஓர் இராணுவ முகாமிலிருந்து ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர். கேள்வி சுருக்கமாக இருந்தது: வானொலியில் செய்தி வாசித்த அழகரெத்தினம் நீயா, இல்லையென்றால் அவனுக்கு என்ன உறவு?

"நான் இல்ல ஐயா. சைக்கிள் ஒட்டுறவன்."

"எங்கட அழகரெத்தினம் எண்டு ரோட்டில நிண்டு சொன்னியாமே? சிங்கக் குரல் எண்டு?"

பாலத்தால் போன பஸ்ஸில் யாரோ காதோடு இருந்திருக்கிறார்கள். அழகரெத்தினம் அதிகாரியையும் உதவியாளரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் "பேர் அதுதான் ஐயா..." என்று தொடங்கி, தான் சொன்னது தன் காதிலேயே விழ, நிறுத்தினார். இந்தத் தடவை அந்தப் பேர் எதையெல்லாம் திறந்துவிடும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நீ யாரென்று சொல்ல ஊர் ஆள் ஒருவரைக் கொண்டுவா, நாளை பத்து மணிக்கு, என்றார்கள். அவரை அங்கேயே ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு, செய்தியைக் கண்ணகைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

கண்ணகை வீடு வீடாக ஏறினாள். அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. தெரியும் என்று வந்து சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் காலத்தில் ஒரு கொப்பியில் பேர் ஏறினால் பிறகு இறக்க முடியாது. மஜீட்டுக்கு ஓட்டமாவடியில் திடீரென்று ஒரு கலியாணம் வந்தது. கடைசியாக, போகக் கூடாத வீட்டுப் படலையில் போய் நின்றாள்.

அன்னப்பூரணி மா குழைத்துக்கொண்டிருந்தாள். தவராசா உள்ளே கட்டிலில் இருந்தார்.

"என்னகா, இந்தப் பக்கம்?"

கண்ணகை சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. "உங்கட ஊட்டுக்கு வந்து கேக்க எனக்கு வாயில்ல. ஆனா வேற ஆளில்லகா."

அன்னப்பூரணி கையில் ஒட்டிய மாவை வழித்துச் சட்டிக்குள் போட்டாள். "அவர் ஆரெண்டு சொல்லோணும். அவ்வளவுதானே?"

"ஓம்."

"நாலரை வருசமா அதச் சொல்லத்தான் ஆள் தேடுறன். வாறன்."

மறுநாள் பத்து மணிக்கு இடியப்பக் கூடையை முகாம் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அழகரெத்தினம் அவளைக் கண்டதும் எழுந்தார். எழுந்தது மரியாதைக்கா ஓடுவதற்கா என்று அவருக்கே தெரியாது.

"இவர் ஆர்?" என்று உதவியாளர் கேட்டார்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மனிசன்."

"பெரிய ஆளாமே? ஊரெல்லாம் தெரிஞ்சவராம்?"

"இவரா?" அன்னப்பூரணி சிரித்தாள். "பேர்தான் பெரிசு, ஐயா. மனிசன் ஒண்டுமில்ல. இவர் ஜட்ஜும் இல்ல, பந்து பிடிக்கிறவரும் இல்ல, குழல் ஊதுறவரும் இல்ல. ரேடியோவில செய்தி வாசிச்சாரா? தெரிஞ்ச உண்மையத் திறந்த வாயால சொல்லத் தெரியாது இவருக்கு. சுனாமிக்க 'நான் டொக்டர் இல்ல' எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா என்ட மனிசன்ட கால் இண்டைக்கு இரிக்கும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தவர், ஐயா. இவரா இயக்கத்துக்குப் போவார்? அவங்க கூப்பிட்டிருந்தாக் கட்டிலுக்குக் கீழ போயிருப்பார்."

உதவியாளர் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு கட்டிலுக்குக் கீழே போனபோது அதிகாரி சிரித்துவிட்டார். வாசலில் நின்ற காவலாளும் சிரித்தான். அழகரெத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்து சுட்டன. ஒரு சொல்லையும் மறுக்க முடியவில்லை. மறுத்தால் உள்ளே இருக்க வேண்டும். அவரைப் பற்றி அவ்வளவு நீளமாக யாரும் பேசியதும் அதுதான் முதல் தடவை.

அதிகாரி கையை அசைத்தார். உதவியாளர் ஒரு துண்டில் பேரைத் தமிழில் எழுதி, விசாரணை முடிந்தது, போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். அன்னப்பூரணி அதை வாங்கி மடிக்கப் போனாள். அழகரெத்தினம் எட்டிப் பார்த்தார். ஒரு கணம் வாசலைப் பார்த்தார், மறுபடி துண்டைப் பார்த்தார். பிறகு, மெல்ல மேசைப் பக்கம் குனிந்து, கிறீஸ் ஏறிய சுட்டுவிரலை நீட்டினார்.

"ஐயா, ஒரு சின்னப் பிழை. அழகரத்தினம் இல்ல. அழகரெத்தினம். அந்த ரகரத்துக்கு ஒரு கொம்பு..."

அன்னப்பூரணி அந்த விரலை எட்டிப் பிடித்து, கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். அப்படியே இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கூடையை மற்றக் கையால் தூக்கினாள். பிரதான வீதி வந்து, பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் அந்த விரலை அவள் விடவில்லை.