ரேடியோ டீச்சர் வாய் திறக்காத மூன்று நாள்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ டீச்சர். பொய்யில்லை. பள்ளிவாசலை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக மூன்றாம் வகுப்பு அவளுடையது. கேள்வி பாதி வாயில் இருக்கும்போதே பதில் வந்து விழுந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான். டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் "எங்க வலிக்குது?" என்று கேட்டால், வலிக்கிற இடத்தை இவள் சொல்லுவாள். அவர் அந்தப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினார். பாவம், பாங்கு சொல்லும்போது மட்டும்தான் அவர் குரல் வெளியே கேட்கும்.

இந்த வருடம் வந்த புதுத் தலைமையாசிரியை பாடம் நடத்தும் முறையையே மாற்றிவிட்டார். பிள்ளைகளே கேட்க வேண்டும், அவர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு தடவை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் டீச்சர். முடியலன்னா ஆபீஸ் வேலைக்கு வந்துடுங்க" என்றார். இந்த வாண்டுகளை விட்டுவிட்டு ஃபைலோடு குடித்தனம் நடத்துவதா? 

அந்த நேரம் பார்த்து நிழல் பாடம் வந்தது. பொருளின் நிழல் அதன் உயரம் அளவுக்கு வந்தால் அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரம் என்று புத்தகத்தில் ஒரு வரி. "நெஜமாவா டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சில் இருந்த தச்சர் மகள். சரி, பார்த்துவிடுவோம் என்று திங்கட்கிழமை முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டார்கள். நிழல் ஒரு மீட்டரைத் தொட்டபோது மணி இரண்டு ஐம்பது. பாங்கு கேட்டதோ மூன்று இருபத்தைந்துக்கு.

"மோதினார் மாமா முப்பத்தஞ்சு நிமிஷம் லேட்டு" என்று தச்சர் மகள் நோட்டில் எழுதியே விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் சிரித்தார். "உச்சி வெயில்லயும் குச்சிக்குக் கொஞ்சம் நிழல் இருக்கும்ல? அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். நாளைக்குச் சொல்லிடு."

"சொல்லக் கூடாதுங்க" என்றாள் அழாக்குறையாக.

"அப்ப நான் லேட்டாவே இருந்துட்டுப் போறேன்."

செவ்வாயும் புதனும் விசாரணை நடந்தது. கடிகாரம் தப்பு என்றது ஒரு கட்சி. குச்சி சாய்ந்திருக்கிறது என்றது இன்னொன்று. மாமா அசந்து தூங்கிவிடுகிறார் என்ற கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம். கட்டின புருஷன் மானம் முற்றத்தில் கப்பலேறுகிறது, இவளோ பதில் வெளியே வந்துவிடாமல் இருக்க வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நாக்கு துறுதுறுவென்றது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நிழலை எப்பலேர்ந்து அளந்தீங்க?"

மத்தியானத்திலிருந்துதான் என்றார்கள் பிள்ளைகள். வியாழனன்று காலையிலிருந்தே அளந்தார்கள். தலைமையாசிரியையும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நிழல் சுருங்கிச் சுருங்கி முப்பது சென்டிமீட்டரில் நின்றது, அதற்குக் கீழே போகவில்லை. பிறகு நீள ஆரம்பித்தது.

தச்சர் மகள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "எங்க அத்தா டேப்பு நுனி உடைஞ்சிருக்கு. அதனால பத்துலேர்ந்து அளந்துட்டு அப்புறம் பத்தைக் கழிப்பாங்க. இந்த நிழல் முப்பதுலேர்ந்துதானே ஆரம்பிக்குது? அப்ப நூத்தி முப்பது வந்தாத்தான் ஒரு மீட்டர்."

நூற்று முப்பதில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். எல்லாரும் கோட்டைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். நிழல் கோட்டைத் தொட, பாங்கு ஒலித்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாதிப் பாங்கு காதில் விழவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழுகை முடிந்து வந்த மோதினாரைத் தச்சர் மகள் வழியிலேயே மடக்கினாள். "மாமா, நீங்க லேட்டு இல்ல. நோட்டுல எழுதினத அடிச்சிட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான்மா நிம்மதி" என்றார் அவர்.

தலைமையாசிரியை நாற்காலியை மடக்கிக்கொண்டே, "ஏன் டீச்சர், இது உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை சாயங்காலமே தெரியும் மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சும் மூணு நாள் வாயத் திறக்கலையா? நீங்களா?"

"ஆமா மேடம். மிட்டாய்தான் ஒரு டப்பா தீந்துபோச்சு."

"ஆபீஸுக்கு நான் வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்றார் தலைமையாசிரியை.