கண்ணை மூடிப் பாடிய பாட்டு

வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் புளிக்கத் தொடங்கும் வாடைதான் எனக்குத் தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையின் இருபுறமும் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. ஒரு பந்தலின் பாட்டு முடிவதற்குள் எதிர்ப் பந்தலின் உறுமி வந்து அதன்மேல் விழும். அந்த இரைச்சலுக்கு நடுவே, என் பத்தாவது வயதில், அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் போட்ட சின்னத் தண்ணீர்ப் பந்தலில் முதல்முறையாக மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன்.

அதற்கு முன் மூன்று மாதம் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி பிளாட்டில் எனக்குப் பயிற்சி கொடுத்தவள், என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா. டிவியை அலறவிட்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் வரட்டும் என்று வாசல் கதவையும் திறந்து வைத்து, நாங்கள் "ஜால்ரா" என்று சொல்லும் கைத்தாளத்தைத் தட்டியபடி என்னைப் பாடச் சொல்வாள். "கண்ண மூடிக்கோ. என் ஜால்ராவ மட்டும் புடிச்சுக்கோ. மத்ததெல்லாம் சும்மா சத்தம்தான், விட்டுடு லா" என்பாள். முதல் பாட்டு நான் தனியாக, அவள் தாளம். இரண்டாவது பாட்டை இருவரும் சேர்ந்து பாடுவது என்று ஏற்பாடு. அந்த இரண்டாவது பாட்டுக்காகத்தான் முதல் பாட்டின் பயத்தையே நான் பொறுத்துக்கொண்டேன்.

அன்று காலை பதினொரு மணிக்குக் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினேன். பால்குடங்கள் போகும் ஆரவாரம், "தள்ளு தள்ளு" என்ற கூச்சல் எல்லாம் மெல்ல விலகின. சரணம் தொடங்கும் இடத்தில் ஜால்ரா ஒரு நொடி தடுமாறி, பிறகு கொஞ்சம் கனத்து ஒலித்தது. அதைப் பற்றி நினைத்தால் கவனம் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அடுத்து எதிர்ப் பந்தலிலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பி என் சுருதியை இழுத்தது. எனக்கு வந்த கோபத்தில் காதைக் கெட்டியாக ஜால்ராவோடு ஒட்டவைத்து, அந்தக் குரலை முழுக்க ஒதுக்கி, ஓர் அடிகூடப் பிசகாமல் பாடி முடித்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்ற பெருமையோடு கண்ணைத் திறந்தேன்.

பக்கத்தில் ஜால்ராவோடு உட்கார்ந்திருந்தது அம்மா. அக்கா சாலைக்கு அந்தப் பக்கம், கீபோர்டும் தபேலாவும் வைத்திருந்த பெரிய மேடையில், நாங்கள் சேர்ந்து பாடவேண்டிய அந்த இரண்டாவது பாட்டைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு பாடுபட்டு ஒதுக்கித் தள்ளிய குரல் அவளுடையது.

எதிர்ப் பந்தல்காரர்களின் பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். முதல்நாளே வந்து அக்காவைப் பாடக் கேட்டார்களாம். அப்பாவுக்குத் தெரியும், பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் அண்ணனுக்குக்கூடத் தெரியும். "முன்னாடியே சொன்னா உன் கவனம் செதறிடும்னுதான் சொல்லல. இப்ப நல்லாத்தானே பாடுன?" என்றாள் அம்மா. என் நன்மைக்காகச் சொல்வதுபோல் அவள் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. வீடே சேர்ந்து என்னை ஏமாற்றியிருந்தது, அதுவும் நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று தெரிந்துகொண்டு. இரண்டாவது பாட்டை நான் பாடவில்லை. அக்கா திரும்பி வந்து நீட்டிய, துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கை மட்டும் வாங்கித் தின்றேன். பத்து வயதுக் கோபத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அந்தச் சின்னப் பந்தலைப் போடுவதை இப்போது நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் இல்லை. நான் கல்யாண மேடைகளில் பாடுகிறேன். "கண்ண மூடிப் பாடுங்கக்கா, ஃபீலிங்கா இருக்கும்" என்று எங்கள் தபேலாக்காரத் தம்பி கேட்காத நாளில்லை. என்னால் முடிவதில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறவர், செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர் என்று அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டேதான் பாடுகிறேன்.

போன தைப்பூசத்தில் வேறொரு பந்தலில் என்னைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த அக்கா, யாரும் சொல்லாமலே என் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ராவை எடுத்துக்கொண்டாள். "கண்ண மூடிக்கோ, நான் இருக்கேன்" என்றாள். ஆரம்பம் முதல் கடைசிவரை அவள் ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. நானும் அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.