மரக்கறிக் கொழுப்பு

வாப்பாவின் பூதக்கண்ணாடி இப்போது என் கைப்பைக்குள் கிடக்கிறது. கல்முனைச் சந்தையில் அரிசிக் கடை நடத்தியவர் அவர். தராசைத் தொடுகிறவன் எல்லாம் தன் விரலையும் சேர்த்தே நிறுக்கிறான் என்று நம்பியவர். கடையை விட்ட பிறகு அந்தச் சந்தேகம் சாப்பாட்டின் மேல் திரும்பியது. பிஸ்கட் பக்கெட் எது வந்தாலும் இடது கையில் பிடித்து, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். கீழே உள்ள ஊட்டச்சத்து அட்டவணையின் மேல் கட்டைவிரல் அழுந்தியிருக்கும். ஹராமான மிருகக் கொழுப்பு ஏதும் கலந்திருக்குமோ என்பதே அவர் பயம். 'மரக்கறிக் கொழுப்பு' என்று கண்டதும் முகம் தெளிந்துவிடும். "பயமில்ல மகள், மரத்துக் கொழுப்புதான். தேத்தண்ணிய ஊத்துங்க" என்பார்.

கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. மாட்டிறைச்சியை நிறுத்தினார். உம்மா கறிக்குக் கட்டித் தேங்காய்ப்பால் விடுகிறாரா என்று குசினி வாசலில் காவல் நின்றார். எண்ணெய்ப் போத்தலில் பேனையால் கோடு போட்டு வைத்தார். இத்தனை கெடுபிடிக்கும் நடுவே, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீரோடு அரைப் பக்கெட் கிரீம் பிஸ்கட் மட்டும் தடையில்லாமல் உள்ளே போனது. அடுத்த பரிசோதனையிலும் அளவு குறையவில்லை. "ஆரோ எனக்குத் தெரியாம நெய் போடுறாங்க" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டரிடம் நான்தான் பக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஹலாலா எண்டு பாத்திரிக்கீங்க, நல்லது. ஆனா அது வேற கேள்வி. இதுல இரிக்கிறது பாம் எண்ணெய். கீழ அட்டவணையப் பாருங்க, நிரம்பிய கொழுப்பு எவ்வளவு எண்டு. கெட்ட கொலஸ்ட்ரோலக் கூட்டுறது அதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு மரத்துலயும் சந்தேகமா? மருந்துக் குளுசைக் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்திரிப்பான்" என்றவர், இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், சண்டை வேண்டாம் என்று நானே இரண்டு பக்கெட் வாங்கி வந்தேன்.

அந்த வருடமே மாரடைப்பில் மௌத்தானார். பிஸ்கட்டால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. வயது, பழைய பீடிப் பழக்கம் என்று பலதையும் சொன்னார். அந்த இரண்டு பக்கெட்டை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

போன கிழமை என் இரத்தத்திலும் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்றார்கள். நேற்றுக் கடையில் ஒரு பக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். 'மரக்கறிக் கொழுப்பு' என்று கண்டதும் மனம் தானாக ஆறுதலடைந்தது. பிறகுதான் என் கையைக் கவனித்தேன். கட்டைவிரல் அட்டவணையின் மேல் அழுந்தியிருந்தது.